ஓடியதையும் எழுது

தார் ரோடு போடுகிறவர்களை வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் ஆண் யார், பெண் யார் என்று தெரியாது. எல்லார் தலையிலும் முண்டாசு, உடம்பில் பழைய முழுக்கைச் சட்டை, காலில் சாக்கைச் சுற்றிச் சணலால் கட்டிய கட்டு. காளியாயியை நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜல்லிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, முன்னால் போகிற யாரையோ முந்தப் போகிறவளைப் போல நடப்பாள்.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி போகிற ரோட்டை ஒட்டிய சின்ன ஊர் அவளுடையது. வானம் பார்த்த பூமி. மழை பெய்த வருஷம் புருஷன் மாயக்கண்ணன் இருக்கிற துண்டு நிலத்தில் கேழ்வரகு போடுவான். பெய்யாத வருஷம் ஆட்களோடு சேர்ந்து தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடைக்குப் போய்விடுவான். காளியாயி மட்டும் மழையைப் பார்க்காமல் ரோட்டு வேலைக்குப் போனாள். ஒரே மகள் மீனாள். அந்த ஊரிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் பெண்பிள்ளை. தேவகோட்டைக்கு பஸ்ஸில் போய்ப் படித்து வந்தாள்.

எழுபத்தோராம் வருஷம் வைகாசியில் அந்த விபத்து நடந்தது. ரோட்டோரத்தில் பெரிய கற்களை அடுப்பாகக் கூட்டி, அதன்மேல் தார் டிரம்மை ஏற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சூடு தாங்காமல் அடுப்புக் கல் ஒன்று பிளந்தது. டிரம் சாய்ந்தது. நீளக் கம்பால் தாரைக் கிண்டிக்கொண்டிருந்த சேவுகன் பின்னால் நகரப் பார்த்து, கால் இடறி உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். கொதிக்கிற தார் அவர் பாதத்தைச் சுற்றி ஓடியது. அடுத்த நொடி அந்தத் தாரிலேயே நெருப்புப் பற்றியது.

ஓடுங்க என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் ஓடினார்கள். காளியாயியும் ஓடினாள். ரோட்டுக்கு அங்குட்டு இருந்த பனைமரம் வரை ஓடிப்போய்த்தான் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வந்த வழியே திரும்பி ஓடி, சேவுகனின் அக்குளில் கைகொடுத்து, ஜல்லிக் குவியல் மேலேயே அவரை இழுத்துக்கொண்டு போனாள். அவர் வேட்டியில் ஒட்டியிருந்த தார் அவளுடைய இடது கையை முழங்கை வரை பொசுக்கியது. அதற்குள் மற்றவர்கள் மண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஜல்லி இறக்க வந்த லாரியிலேயே அவரைக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சேவுகன் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரண்டு பாதங்களும் சுருங்கிப்போயின. கம்பை ஊன்றி வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கத்தான் முடிந்தது. காளியாயிக்குக் கை ஆறி, தோல் மட்டும் வரிவரியாக நின்றது. ஊரில் வருகிறவர் போகிறவரெல்லாம் அந்தக் கையைப் பார்த்து, உன்னை மாதிரி யாருக்குத் தைரியம் வரும் என்றார்கள். அவள் சேலைத் தலைப்பைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொள்வாள்.

மறு வருஷம் தை மாதம். பாகிஸ்தான் சண்டை முடிந்து, பஸ்ஸிலும் டீக்கடையிலும் இன்னும் அதே பேச்சாக இருந்த சமயம். மீனாள் படித்த பள்ளிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ஐரோப்பாவில் உள்ள ஒரு சங்கம் உலகம் முழுவதும் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்திருந்தது. தலைப்பு ‘நான் அறிந்த துணிவு’. அவரவர் தாய்மொழியில் எழுதலாம். இங்கிலீஷில் மொழிபெயர்த்து உடன் வைக்க வேண்டும். ஒரு பள்ளிக்கு ஒரு கட்டுரைதான்.

இங்கிலீஷ் டீச்சர் ஜரீனா தேவகோட்டைக்காரர். வேலைக்கு வந்து அதிக நாளாகவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் எழுதச் சொன்னார். பெரும்பாலான பிள்ளைகள் போர்வீரர்களை எழுதினார்கள். மீனாள் தன் தாயை எழுதினாள். அதைத்தான் பள்ளியில் தேர்ந்தெடுத்தார்கள்.

காளியாயிக்கு விஷயம் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. ஊருணிக்கு மேற்கே கருவை விறகு வெட்டிக் கட்டிவிட்டு, தாயும் மகளும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மீனாள் சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்து இழுத்துச் சொன்னாள்.

“என்னைப் பத்தியா? என்னத்த எழுதுன? படி, கேப்போம்.”

மீனாள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தாள். பள்ளிக்கூடத் தமிழ். அஞ்சா நெஞ்சம் கொண்ட அன்னை, தொழிலாளி ஒருவர் தீயில் சிக்கிக்கொண்டதைக் கண்டதும் கணமும் தயங்காது பாய்ந்தார் என்று வந்தது. காளியாயி காலை நீட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாரோ ஒரு ராணியின் கதையைப் போல இருந்தது.

“கணமும் தயங்காதுன்னா?”

“கொஞ்சங்கூட யோசிக்காமன்னு அர்த்தம் ஆத்தா.”

“நான் ஓடுனேனேத்தா.”

மீனாள் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“முதல்ல ஓடுனேன். அந்தப் பனைமரம் வரைக்கும் ஓடுனேன். உனக்குந்தான் சொல்லியிருக்கேன்.”

“சொல்லியிருக்க. அதை எதுக்கு எழுதணும்? தலைப்பே துணிவுன்னு குடுத்திருக்காக. ஓடுனதை எழுதுனா அது எப்படித் துணிவாகும்?”

“அது எனக்குத் தெரியாது. ஓடுனதையும் எழுது. இல்லன்னா என்னைய விட்டுட்டு வேற யாரையாச்சும் எழுது.”

“பள்ளிக்கூடத்துல இதைத்தான் அனுப்பணும்னு முடிவு பண்ணிட்டாக. எல்லாரும் கைதட்டுனாக ஆத்தா.”

காளியாயிக்கு மகளின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் கொண்டுவந்து காட்டியதில்லை. ஆனாலும் அந்தத் தமிழைக் கேட்கக் கேட்க உள்ளே ஏதோ உறுத்தியது. அன்றைக்கு ஓடும்போது பின்னால் சேவுகன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. கேட்டும் ஓடினாள். அந்தக் குரல் இல்லாமல் எழுதினால் அது அவள் கதையில்லை.

“சேவுகன் மாமா பேரு எங்க? தொழிலாளி ஒருவர்னு வாசிச்சியே, அது அவரா?”

“ஆமா.”

“பேரில்லாத ஆளா அவரு? எந்திரி. இதை அவருகிட்டப் போயிப் படி.”

சேவுகன் வீட்டு வாசலில் அவர் மனைவி ஆயி பனங்கிழங்கை மண் உதறிக் குவித்துக்கொண்டிருந்தாள். புருஷன் வேலைக்குப் போக முடியாமல் போனதிலிருந்து அவித்த கிழங்கைக் கூடையில் வைத்து பஸ் ஸ்டாண்டில் விற்று வந்தாள். சேவுகன் சுவரில் சாய்ந்து கிழங்கின் வால்களை நறுக்கிக்கொண்டிருந்தார். காளியாயி வந்த காரணத்தைச் சொன்னாள். மீனாள் மறுபடி படித்தாள். இந்தத் தடவை குரல் பாதியாக இறங்கியிருந்தது.

முடிந்ததும் ஆயிதான் முதலில் பேசினாள். “நல்லாத்தான் இருக்கு. இதுல இந்த மனுசன் எங்க இருக்காரு?”

“அதுக்குத்தான் மதினி கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் காளியாயி.

“உன்னைச் சொல்லல. ஊரே வந்து உன் கையைப் பாத்துட்டுப் போச்சு. இவரு காலைப் பாக்க யாரு வந்தா? சீமைக்கெல்லாம் எழுதிப் போடுற உன் மக, நாலு வீடு தள்ளி இருக்குற இந்த வாசலை மிதிச்சு எத்தனை மாசமாச்சு?”

மீனாள் தலையைக் குனிந்துகொண்டாள். சேவுகன் கத்தியைக் கீழே வைத்தார்.

“விடு, சின்னப் பிள்ளை. இங்க பாரு மீனா. உங்காத்தா ஓடுனா. நான் பாத்தேன். கூப்பிட்டேன், திரும்பல. பொறகு கண்ணைத் தொறந்தா என் அக்குளைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கா. எப்ப வந்தான்னு எனக்குத் தெரியாது.”

“அதுக்காக ஆத்தா மேல உங்களுக்குக் கோபம் வரலையா மாமா?”

காளியாயி கிழங்குக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வந்துச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கையில, கூப்பிட்ட ஒடனே வந்திருந்தா பாதம் தப்பிச்சிருக்குமேன்னு நினைப்பேன். வராமலே போயிருந்தா ஆளே இல்லையேன்னும் நினைப்பேன். ரெண்டுந்தான் மாறி மாறி வரும்.”

அந்த விபத்துக்குப் பிறகு அவர் அதைப் பற்றி அவளிடம் பேசியது அன்றுதான். கேட்டதும் அழுகை வரும் என்று காளியாயி நினைத்தாள். வரவில்லை. அவர் சொல்லிவிட்டதில் அவளுக்கு மூச்சு சுலபமாக வந்தது. குனிந்து, ஆயியோடு சேர்ந்து கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

மீனாள் கட்டுரையை மாற்றி எழுதினாள். மாற்றி எழுதியதில் அடுப்புக் கல் பிளந்தது இருந்தது. மேஸ்திரி முதல் சித்தாள் வரை எல்லோரும் ஓடியது இருந்தது. சேவுகன் கூப்பிட்டதும், தாய் திரும்பாமல் ஓடியதும், பனைமரத்தடியிலிருந்து திரும்பி வந்ததும் இருந்தன. ராணி மாதிரி இருந்தவள் போய், காளியாயி இருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை காளியாயியை வரச் சொல்லி அனுப்பினார். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அறையில் ஜரீனா டீச்சரும் இருந்தார். மீனாள் கதவோரம் நின்றாள்.

“உட்காருங்கம்மா,” என்றார் தலைமையாசிரியை.

“இருக்கட்டும் டீச்சர், நிக்கிறேன்.”

“உங்க பொண்ணு முதல்ல எழுதினது ரொம்ப நல்லா இருந்தது. இப்ப மாத்தி எழுதிட்டு, அம்மா சொன்னாங்கன்னு சொல்றா. உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா வெளிநாட்டுல இதைப் படிக்கிறவங்களுக்கு உங்களைத் தெரியாது. ஓடினாங்கன்னு படிச்சா, பயந்த சுபாவம்னு நினைச்சுத் தள்ளி வச்சிடுவாங்க. இந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பேரு கிடைக்காமப் போயிடும்.”

அவர் மீனாளின் நல்லதற்குத்தான் சொல்கிறார் என்று காளியாயிக்குத் தெரிந்தது. அதனாலேயே பதில் சொல்வது சிரமமாக இருந்தது.

“நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் டீச்சர். அவுக என்னைப் பாக்கப் போறதில்ல, என்ன வேணும்னாலும் நினைச்சுக்கட்டும். இங்குட்டு இருக்கவுகதான் என்னைத் தினமும் பாக்குறாக. அன்னைக்கு அங்க நின்னவுகளுக்கெல்லாம் நடந்தது தெரியும். பொய்ப் பேரு எனக்கு வேணாம். அதுக்கு மேல நீங்க படிச்சவுக, பாத்துச் செய்யிங்க.”

ஜரீனா டீச்சர் மீனாள் பக்கம் திரும்பினார். “எழுதினது நீ. எதை மொழிபெயர்க்கணும், சொல்லு.”

மீனாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “ரெண்டாவது எழுதுனதை, டீச்சர்.”

சொன்னாளே தவிர, அதில் சந்தோஷம் இல்லை. தாய் முன்னால் நிற்கிறாளே என்று சொன்னது போலத்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நடந்து வருகையில் காளியாயி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அவளுக்கும் வேண்டாம் என்று நான் எப்படிச் சொன்னேன். திரும்பிப் போய், உன் இஷ்டப்படி செய் என்று சொல்லிவிடலாமா என்று கூடத் தோன்றியது. பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டாள்.

ஆவணி மாதம் பதில் வந்தது. பரிசு வேறு ஏதோ நாட்டுப் பையனுக்குப் போயிருந்தது. கலந்துகொண்டதற்கு நன்றி என்று அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம் மட்டும் பள்ளிக்கு வந்திருந்தது. கலந்துகொண்ட எல்லாருக்கும் அதே காகிதந்தான் என்று ஜரீனா டீச்சர் மறைக்காமல் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் மீனாள் பையை மூலையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். காளியாயி கஞ்சியைக் கலக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள்.

“குடி. பரிசு என்னத்தா பரிசு.”

“நீ ஓடாம இருந்திருக்கலாம்,” என்றாள் மீனாள், சுவரைப் பார்த்தபடியே.

காளியாயி எழுந்து வெளியே வந்தாள். அடுப்பைத் தட்டி அணைத்தாள். மாயக்கண்ணன் என்ன சத்தம் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அதற்குப் பிறகு பல மாதம் தாயும் மகளும் வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள். தண்ணி எடுத்தாச்சா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, சேலை காயுது. ஜல்லி சுமக்கையிலும், வெறும் கூடையோடு திரும்பி நடக்கையிலும் அந்த ஒரு வாக்கியம் கூடவே வந்தது. மகள் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அவளே எத்தனையோ தடவை அப்படி நினைத்திருக்கிறாள்.

அந்த வருஷப் பள்ளி மலரில் ஜரீனா டீச்சர் மீனாளின் தமிழ்க் கட்டுரையைச் சேர்த்துவிட்டார். மாற்றி எழுதியது அப்படியே வந்திருந்தது. மீனாள் மலரைக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்ததோடு சரி, யாரிடமும் காட்டவில்லை. பஸ்ஸில் வருகிற வேறொரு பிள்ளை மூலம் ஆயிக்குத் தெரிந்துபோயிற்று. வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எதற்குக் கேட்கிறாள் என்று காளியாயிக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை வேலை நடக்கிற இடத்துக்கே ஆயி வந்து நின்றாள். இடுப்பில் கிழங்குக் கூடை, கையில் பள்ளி மலர். நேரே மேஸ்திரியிடம் போனாள்.

“மேஸ்திரி, இதைக் கொஞ்சம் வாசிங்க. அச்சுல வந்திருக்கு.”

“என்னத்தா இது, வேலை நேரத்துல.”

“எங்க வீட்டு ஆளு பேரு இதுல இருக்காம். இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

மேஸ்திரி வேண்டாவெறுப்பாக வாங்கி, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சுற்றி நின்றார்கள். சேவுகன் என்ற பெயர் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கதை ஓட்டத்தில் அவர் மேலே படித்துக்கொண்டே போனார். மேஸ்திரி முதல் சித்தாள் வரை எல்லோரும் ஓடினார்கள் என்ற இடத்தில் அவர் குரல் தணிந்தது. ஆனாலும் விடாமல் கடைசி வரை படித்தார். ரோலர் வண்டி மட்டும் தூரத்தில் உருண்டுகொண்டிருந்தது.

“நான் காளியாயிக்கு முன்னால ஓடுனவன்,” என்றான் பூமிநாதன். ஜல்லி பரப்புகிறவன். “பனைமரத்துல நிக்கல. கம்மாய்க் கரைக்கே போயிட்டேன்.”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசினார்கள். காலில் கட்டிய சணல் அறுந்ததை ஒருத்தி சொன்னாள். மண் அள்ள ஓடிவந்தவன் மண்வெட்டி எங்கே என்று தேடியதைச் சொன்னான். அந்த நாளைப் பற்றி அந்த ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியதே கிடையாது. காளியாயி தைரியசாலி என்று சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் எல்லோரும் ஒளிந்துகொண்டிருந்தார்கள். அவளும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, தன் ஓட்டத்தைச் சொன்னாள்.

ஆயி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பேச்சு ஓய்ந்ததும் மேஸ்திரியிடம் சொன்னாள்: “இத்தனை வருசம் உங்களோட தார் கிண்டுன மனுசன். உக்காந்து செய்யிற மாதிரி ஒரு வேலை இந்த ரோட்டுல இல்லையா? எனக்குப் பதில் வேணும். வாங்காமப் போக மாட்டேன்.”

மேஸ்திரி மலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் மட்டும் சொல்ல முடியாது. கேட்டுப் பாக்குறேன்,” என்றார். சொன்னபடி கேட்டார். அடுத்த தார் போடும் பருவத்தில் சேவுகனுக்குச் சிவப்புக் கொடி காட்டுகிற வேலை கிடைத்தது. காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, வருகிற வண்டிகளை நிறுத்துவார். அதே சமயம் மேஸ்திரியே முன்னின்று தார் அடுப்பைச் செங்கல்லால் கட்டச் செய்து, பக்கத்தில் மணலும் கொட்டி வைத்தார்.

ஆயி வந்து போன அன்று சாயங்காலமே காளியாயி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“மேஸ்திரி ஓடுனதையும் அவரே வாசிச்சாரா?” என்று கேட்டாள் மீனாள்.

“வாசிச்சாரு. எழுத்துக்கூட்டி.”

சேவுகன் வீட்டில் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று மீனாள் கேட்டாள். முருங்கைக்கீரை இருந்தது. எடுத்துக்கொண்டு போனவள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். ஆயி அத்தை ஒரு கிழங்கு தின்னாமல் விடவில்லை என்றாள். கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் பேச்சு வந்தது.

மீனாள் பள்ளிப் படிப்பை முடித்து, ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள். எழுபத்தேழில் நாட்டரசன்கோட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினாள். காளியாயி வேலை இல்லாத நாட்களில் கீரையும் கருவாடும் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அப்படிப் போன ஒருநாள், மீனாள் அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள்: “ஆத்தா, முதல்ல எழுதுனதையே அனுப்பியிருந்தா பரிசு கிடைச்சிருக்குமோன்னு எனக்கு இப்பவும் நினைப்பு வருது.”

“கிடைச்சிருக்கும்னுதான் எனக்கும் தோணுது,” என்றாள் காளியாயி. “நல்லாத்தான் எழுதியிருந்த.”

மீனாள் இதை எதிர்பார்க்கவில்லை. உரிப்பதை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்தாள். “பொறகு ஏன் விடமாட்டேன்னுட்ட?”

“பரிசு வந்துட்டா அதுதான் நடந்ததுன்னு ஆயிப்போகும். நானே கூட நம்பிருவேன். தினம் சேவுகன் அண்ணன் வீட்டைத் தாண்டித்தான நான் வேலைக்குப் போகணும். அதுல உனக்கு நட்டம் வந்துச்சுன்னா, வந்ததுதான். அதை நான் இல்லைன்னு சொல்லல.”

மீனாள் உரித்த அவரையைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். குழம்பு கொதித்தது. இருவரும் சாப்பிட்டார்கள். மறுநாள் திருப்பத்தூர் ரோட்டில் தார் போடத் தொடங்குகிறார்கள், விடியலிலேயே அங்கே நிற்க வேண்டும் என்று காளியாயி எழுந்துகொண்டாள். மீனாள் பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்து, ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தாள்.